மச்சான் பிடிக்கிற கயிறு

வேலூரிலிருந்து கடுதாசி வந்த அன்றைக்கே பிலோமினா முடியாது என்று சொல்லிவிட்டாள். புருஷன் செபாஸ்டினிடம் மட்டும் சொல்லியிருந்தால் வீட்டோடு போயிருக்கும். அவள் அதைக் குழாயடியில் வைத்துச் சொன்னாள். தண்ணீருக்கு வரிசையில் நின்ற முப்பது குடத்துக்கும் கேட்டது.

"ரெண்டு இருக்குல்லா, ஒண்ணு குடுன்னா, அது என்ன தட்டுல கெடக்க மீன் துண்டமா? தன் புருஷன் ரத்தத்தையே கொல்லுதவ, எம் புருஷனுக்குள்ளத மட்டும் மடியில போட்டுத் தாலாட்டுவாளாக்கும்!"

கொல்லுகிறவள் என்று அவள் சொன்னது செபாஸ்டினின் தங்கை விக்டோரியாவை. முப்பத்திரண்டு வயது. போன கார்த்திகையில் கால் வீங்கியது, மார்கழியில் முகம் வீங்கியது, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேறொருவருடையதை எடுத்து வைத்தால் பிழைக்கலாம் என்றார்கள். அந்த எழுபதுகளில் அது புது வைத்தியம். தூத்துக்குடியில் பாதிப் பேர் நம்பவில்லை. விக்டோரியாவின் புருஷன் மனுவேல் மட்டும் உடனே சட்டையைக் கழற்றினான். என்னுடையதை எடுங்கள் என்றான். இருவர் ரத்தமும் ஒரே இனம் என்று தெரிந்ததும் அவனைப் பிடிக்க முடியவில்லை. வேலூர் முழுக்க மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

அதற்கப்புறம் ஒரு சோதனை வைத்தார்கள். விக்டோரியாவின் ரத்தத்தில் தெளிந்த நீர் ஒரு சொட்டு, மனுவேலின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அணுக்கள் ஒரு சொட்டு, இரண்டையும் கலந்து பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். மனுவேலுடையது மொத்தமும் செத்துக் கிடந்தது. இவருடையதை வைத்தால் அன்றைக்கே அழுகிவிடும், ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். மனுவேல் ஊருக்கு வந்து நாலு நாள் யாரிடமும் பேசவில்லை. எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்தில் இறங்கிச் சங்கு எடுக்கிற ஆம்பிளை, பெண்டாட்டியின் ரத்தமே தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக் குமைந்து கிடந்தான். ஊர்வாய் சும்மா இருக்குமா? அது தன் பங்குக்கு நாலு வார்த்தை சேர்த்துக்கொண்டது. அதில் இரண்டு வார்த்தை பிலோமினாவுடையது.

துணைக்குப் போயிருந்த செபாஸ்டினிடமும் அன்று ஒரு ஊசி ரத்தம் எடுத்து வைத்திருந்தார்கள். அதன் முடிவுதான் இப்போது வந்த கடுதாசி. அண்ணனுடையது தங்கையின் ரத்தத்தில் சாகவில்லை. இருபதாம் தேதிக்குள் இருவரும் வர வேண்டும். அதற்குள் உள்ளூரில் அவளுக்கு யாரும் ரத்தம் ஏற்றிவிடக் கூடாது. கூடவே ஒரு படிவம் இருந்தது. அதில் கொடுப்பவரின் மனைவி சம்மதக் கையெழுத்துப் போட ஒரு கோடு இழுத்திருந்தது.

அந்தக் கோட்டை வைத்துக்கொண்டுதான் பிலோமினா குழாயடியில் அத்தனை குரல் எடுத்தாள்.

இந்தக் கரையில் சங்கு குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பது அவன் மச்சான்தான், பெண்டாட்டியோடு பிறந்தவன். அண்ணன் தம்பியைக்கூட இந்த வேலைக்கு நம்ப மாட்டார்கள். அண்ணன் தம்பி என்றால் வீட்டில் பங்கு இருக்கும், மனசில் பழைய தகராறு இருக்கும். மச்சானுக்கு இருப்பது ஒரு தங்கச்சி. அவள் தாலி, கயிற்றின் அந்த நுனியில் தண்ணீருக்குள் கிடக்கும்போது எவனும் வெற்றிலை மடிக்கக் கையை எடுக்க மாட்டான். மச்சான் வாய்க்காதவன் வலைக்குப் போவான், இல்லாவிட்டால் புதுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போவான். குளிக்கப் போக மாட்டான். மனுவேலுக்குப் பதினோரு வருஷமாகக் கயிறு பிடிப்பவன் செபாஸ்டின்.

தை பிறந்து வாடை அடங்கி, கடல் அடிமணல் தெரியத் தெளிந்து கிடந்த நேரம். சங்குக்கு இதுதான் காலம். ஆபரேஷன் ஆனால் செபாஸ்டின் மூன்று மாசம் பாரம் தூக்கக் கூடாது, கயிறு இழுக்கக் கூடாது. அதற்குள் சோழக்காற்று வந்து கடல் கலங்கிவிடும். அவன் படுத்தால் மனுவேலும் கரையில் படுக்க வேண்டியதுதான்.

மத்தியானம் சங்குக் கிட்டங்கியில் அளந்து கொடுத்துவிட்டு செபாஸ்டின் சாப்பிட வந்தான். குசினியில் சாளைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தட்டைப் போட்டதும் கேட்டான்.

"கையெழுத்துப் போடுதியா?"

"போட மாட்டேன்."

"சரி." சோற்றைப் பிசைந்தான்.

"சரின்னா என்ன அர்த்தம்?"

"நீ போட்டாத்தான் வெட்டுவோம்னு எழுதியிருக்கான். நான் வேற என்ன சொல்ல?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இந்த மனுஷனிடம் சண்டை போடவே முடியாது என்பது அவளுடைய பதினாலு வருஷத்துக் குறை.

"எனக்கு யாரு இருக்கா? புள்ளையா, குட்டியா? நாளைக்கு நீங்க ஒரு பக்கம் விழுந்துட்டியன்னா என்னைய யாரு பாப்பா? உங்க தங்கச்சியா?"

"அவ இருந்தா பாப்பா."

"இருந்தாத்தானே!"

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். கயிறு ஓடி ஓடித் தழும்பேறிப் பளபளவென்று இருந்தது அந்தக் கை.

"மொத வருசம் தொலி உரிஞ்சு ரத்தம் வந்துச்சு. நீதான் ராத்திரி மஞ்சள் அரைச்சு வச்சுக் கட்டுவே. போகாதன்னு ஒருநாளும் நீ சொல்லல பிலோமி."

"அது கை. ஆறிரும்," என்றாள் பிலோமினா. குழம்பை இன்னொரு கரண்டி அவன் கேட்காமலே ஊற்றினாள்.

மறுநாள் முற்பகல். பிலோமினா வாசலில் பாறை மீனைக் கீறி உப்புத் திணித்துக்கொண்டிருந்தாள். விக்டோரியா வந்தாள். இரண்டு தெரு நடந்ததற்கே மூச்சு வாங்கியது. மஞ்சள் பூத்த முகம், செருப்புக்குள் அடங்காத கால். வந்தவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று கல்லுப்புக் குவியலை ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உப்பில்லாத சோறு, இரண்டு தரம் அவித்து நீரைக் கொட்டின காய், நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர், இதுதான் அவள் தீனி. மீன் வாசல் வரைக்கும் வந்து விற்கிற ஊரில் மீனும் கிடையாது.

"உக்காரு. காப்பி தாரேன்," என்றாள் பிலோமினா. ஆயிரம் கோபம் இருந்தாலும் வாசலுக்கு வந்தவளிடம் வேறு எப்படிச் சொல்வது?

"காப்பி குடிச்சா ஒரு டம்ளர் தண்ணி போயிரும் மதினி. வேண்டாம். நான் கேக்க வந்தேன்னு நெனைக்காத. குழாயடியில என்னவோ சொன்னியாமே, அதை எம் மூஞ்சிக்கு நேரா ஒருக்கச் சொல்லு."

பிலோமினா பின்வாங்குகிற ஆள் இல்லை. "சொன்னேன். ஏன், இல்லன்னு சொல்லேன் பாப்போம். உம் புருஷன் ரத்தத்தை உன் ரத்தம் கொல்லுதா, இல்லையா?"

"கொல்லுது."

"பெறகென்ன?"

"ஏன் கொல்லுதுன்னு கேட்டியா? ஊர்ல ஒருத்தி கேட்டாளா? என்னவோ நான் அவியளுக்கு வெசம் வச்ச மாதிரில்லா பேசுதீய." விக்டோரியா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "வேலூர்ல டாக்டரம்மா படம் போட்டுக் காட்டுனாவ. வயித்துல கெடக்க பிள்ளை பாதி நான், பாதி அவிய. அந்த அவிய பாதி என் ஒடம்புக்கு வெளியாளு. பேறுகாலத்துல பிள்ளை ரத்தம் கொஞ்சம் நம்ம ரத்தத்துல கலந்துருமாம். கலந்ததும் நம்ம ரத்தம் அந்த வெளியாளை அடையாளம் பிடிச்சு வச்சுக்கிட்டு, திரும்ப வந்தா அடிக்கதுக்குன்னு ஒண்ணை உண்டாக்கிக்கிடுதாம். ஆன்டிபாடின்னு பேரு. பிள்ளைக்குப் பிள்ளை அது ஏறிக்கிட்டே போகும். அவியளுக்குப் பிள்ளை பெத்ததுக்கு எனக்கு வந்த கூலி மதினி அது. போய் உன் குழாயடியில சொல்லு."

பிலோமினா கத்தியைத் துடைத்தாள். "நாலு பிள்ளைக்கா இம்புட்டு வரத்து?"

"அதையேதான் டாக்டரும் கேட்டாவ. முப்பது பேரு ரத்தத்தோட என்னோடதக் கலந்து பாத்திருக்காவ. இருபது பேருக்கு மேல அடிச்சுப் போட்டுருக்கு. அளவு ரொம்பக் கூடுதலா இருக்கே, நாலு பிள்ளைன்னுதானே சொன்னே, யாரும் ரத்தம் ஏத்துனாங்களான்னாவ. இல்லன்னேன். அப்பக் கலைஞ்சது உண்டாம்மான்னு கேட்டாவ."

விக்டோரியா முதலில் நாலு என்று சொன்னது பொய் இல்லை. இந்தக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள். தலையில் தீர்த்தம் விழுந்து பேர் வைத்தால்தான் பிள்ளை. அதற்கு முன்னால் போனதற்கு மணி அடிப்பதில்லை, பேர் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. மதிலுக்கு வெளியே உடைமரத்தடியில் அப்பன்காரன் போய்ப் புதைத்துவிட்டு வருவான். பெற்றவளிடம் எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் அதைச் சேர்க்காமல்தான் சொல்லுவாள். டாக்டர் கேட்டாலும் அப்படியே வாய் சொல்லிவிட்டது.

"உண்டுன்னேன். ரெண்டு," என்றாள் விக்டோரியா. "டாக்டரம்மா பேனாவை எடுத்து நாலுங்கதை அடிச்சுட்டு ஆறுன்னு எழுதுனாவ மதினி. ஆறு."

பிலோமினாவின் கை மீனுக்குள் அப்படியே நின்றது. அவளுக்கு மூன்று. ஒன்று எட்டாம் மாசம் வரைக்கும் இருந்து, கையும் காலும் முளைத்து, அழாமல் வந்தது. மற்ற இரண்டும் மூன்றாம் மாசத்தோடு போயின. ஊர் அவளை மலடி என்றுதான் சொல்கிறது. கலியாண வீட்டில் அவளைப் பந்தி பரிமாறக் கூப்பிடுவார்கள், பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கக் கூப்பிட மாட்டார்கள்.

"மூணு மாசத்துல போனதையுமா கேட்டாவ?"

"அதையுந்தான் சேத்துச் சொல்லணும்னாவ."

"எத்தனை வருசத்துக்கு இருக்குமாம் அது?"

"சில பேருக்கு ஆயுசுக்கும் நிக்கும்னாவ."

"அப்ப எனக்குள்ள..." பிலோமினா மீனைக் கீழே வைத்தாள்.

"இருக்கும் மதினி. எடுத்துப் பாத்தாத் தெரியும். ஒனக்குப் பிள்ளை உண்டானது உன் ரத்தத்துக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாட்டா போகட்டும்."

பிலோமினா அழுதாள். எட்டு வருஷமாக அழாத அழுகை. உப்புக் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் முழங்கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். விக்டோரியா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். காக்கை ஒன்று மீன் தலையைத் தூக்கிக்கொண்டு போனது, அதைக்கூட யாரும் விரட்டவில்லை.

"எங்கவியளோடது மட்டும் ஏன் சாகலையாம்?" என்று கடைசியில் கேட்டாள் பிலோமினா.

"நானும் அண்ணனும் ஒரு வயித்துப் பிள்ளைல்லா. அப்பனும் அம்மையும் எனக்குக் குடுத்ததே அண்ணனுக்கும் வந்திருக்கு. கூடப்பொறந்தவங்க நாலு பேருக்கு ஒருத்தருக்குத்தான் அப்படி அமையுமாம்."

"ஒட்டிக்கிடும்னு உறுதி உண்டா?"

"கெடையாது. என் ரத்தம் சண்டைக்குப் பழகுன ரத்தம். என்னைக்கு வேணும்னாலும் முரண்டு பிடிக்கும்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. ஒங்கிட்டப் பொய் சொல்லி வாங்க மாட்டேன் மதினி. போடாட்டிப் போ. ஆனா புருஷனைக் கொல்லுதவன்னு இன்னொருக்க ஒன் வாயில வந்துது, இந்த வீங்குன காலோட வந்து ஒம் மண்டையை ஒடைப்பேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். பாதித் தெருவில் ஒரு தரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பிலோமினா மீனை மூடி வைத்துவிட்டுக் குளித்தாள். பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள். கடையில் மூன்று மெழுகுதிரி வாங்கிக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க, உச்சி வெயிலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். வாசலுக்குள் நுழையாமல் மதிலைச் சுற்றி உடைமரத்தடிக்குப் போய் மூன்றையும் ஏற்றி வைத்தாள். காற்றுக்கு நிற்காமல் அணைந்தது, திரும்ப ஏற்றினாள். கோயில் வேலைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னைக்கா கல்லறைத் திருநாளு?"

"எனக்கு இன்னைக்குத்தான்," என்றாள்.

சாயங்காலம் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். செபாஸ்டின் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மனுவேலையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அண்ணனும் தங்கையும் வேலூர் போவது, செபாஸ்டினின் அத்தை அற்புதமணி துணைக்குப் போவது என்று பேச்சானது. கடலுக்குப் போகாமல் மூன்று மாசம் நாலு பிள்ளைக்கு எப்படிக் கஞ்சி ஊற்றுவது என்ற இடத்தில் பேச்சு முட்டி நின்றது. மனுவேல் துறைமுகத்தில் மூட்டைக்குப் போகிறேன் என்று முனகினான். அவன் அப்படி முனகியதைக் கேட்டுக்கொண்டேதான் பிலோமினா அதை முடிவு செய்தாள்.

வேலூர் வண்டி ஏறியவர்களை அனுப்பிவிட்டு, மறுநாள் விடியலில் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வள்ளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வள்ளத்துக்குச் சொந்தக்காரர் தொம்மை சம்மாட்டி. அறுபது வயதில் இப்படி ஒரு காட்சியை அவர் பார்த்ததில்லை.

"ஏளா, என்ன வேணும்?"

"மனுவேலுக்குக் கயிறு பிடிக்க வந்திருக்கேன்."

கரையில் நின்ற குளியாட்கள் சிரித்தார்கள். சம்மாட்டிக்குக் கோபம் வந்தது. "குளி வள்ளத்துல பொம்பளையா? எந்தக் காலத்துல நடந்திருக்கு? மச்சான் பிடிக்கிற கயிறுளா அது!"

"மச்சான் எதுக்குப் பிடிக்கான் அண்ணாச்சி? தங்கச்சி தாலிக்காவ. சரிதானே? இப்ப எம் புருஷன் ஒடம்பை அறுத்து எடுத்தது அவளுக்குள்ள போகப் போகுது. இவன் முங்கிச் செத்தா அந்தச் சேதியிலயே அவ செத்துருவா. அவ செத்தா எங்கவிய குடுத்தது மண்ணுக்குள்ள போகும். இவன் மேல வரணும்னு இந்தக் கரையில என்னையவிட அவதிப்படுதவ வேற எவ இருக்கா? அப்படி ஒருத்தி இருந்தா கூட்டியாங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். சம்மாட்டி தலையைச் சொறிந்துவிட்டு, குளிக்கிறவன் மிதித்துக்கொண்டு இறங்குகிற குளிக்கல்லைக் காட்டி, "இதை இழுப்பியா?" என்றார். அவள் கல்லைத் தண்ணீரில் போட்டு, கைமாற்றிக் கைமாற்றி இழுத்து, அவர் காலடியில் தொப்பென்று போட்டாள். பதினாறு வயதிலிருந்து மீன் கூடை தூக்குகிறவளுக்கு அது ஒரு பாரமா?

"அக்கா பிடிக்கட்டும் அண்ணாச்சி," என்றான் மனுவேல். "உசிரு என்னோடது. எனக்குச் சம்மதம்."

முதல் நாள் உள்ளங்கை கிழிந்தது. அவளே மஞ்சள் அரைத்து வைத்துக் கட்டிக்கொண்டாள். நாலாம் நாள் தந்தி வந்தது. தபால்காரர் தெருவில் நின்று வாசித்தார். ஆபரேஷன் முடிந்தது, இருவரும் சுகம், விக்டோரியாவுக்கு ஒன்றுக்கு வருகிறது. ஒரு பெண் மூத்திரம் போனதற்கு ஒரு தெருவே கைதட்டிச் சிரித்தது அன்றைக்குத்தான். குழாயடியில் பிலோமினா அதை மூன்று தரம் சொன்னாள். விக்டோரியாவின் ரத்தம் ஏன் மனுவேலுக்கு ஆகவில்லை என்பதையும் படம் போடாத குறையாகச் சொன்னாள். எத்தனை பிள்ளை உனக்கு என்று வேண்டுமென்றே ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள். ஒருத்தி இரண்டு என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நின்று, மூணு என்று திருத்தினாள்.

ஆபரேஷன் ஆன பன்னிரண்டாம் நாள் செபாஸ்டின் கைப்பட ஒரு கடுதாசி வந்தது. எட்டாம் நாள் விக்டோரியாவுக்குக் காய்ச்சல் கண்டது, வைத்த இடம் வீங்கி வலிக்கிறது, ஒன்றுக்குப் போவது குறைந்துவிட்டது. ரத்தம் முரண்டு பிடிக்கிறதாம். பெரிய ஊசி போடுகிறார்கள், ஒரு வாரம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு வலி பரவாயில்லை. மனுவேலிடம் பக்குவமாகச் சொல்லவும்.

பக்குவமாகச் சொல்ல பிலோமினாவுக்கு வராது. கடுதாசியை அவன் கையில் கொடுத்தாள். அவன் வாசித்தான், மடித்தான், மறுநாள் விடியலில் வள்ளத்தில் ஏறினான்.

கடலுக்குள் சங்கு கிடக்கிற பாருக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருந்தது. கடல் எண்ணெய் விட்ட மாதிரி அசையாமல் கிடந்தது. மனுவேல் இடுப்பில் கயிறும் வலைப்பையும் கட்டி, கல்லில் கால் வைத்து இறங்கினான். கயிறு ஓடி நின்றது. பிலோமினா வாய்க்குள் எண்ணினாள். நாற்பது, ஐம்பது, அறுபது. மூச்சு முட்டினால் அவன் கயிற்றை இரண்டு தரம் ஆட்ட வேண்டும். ஆட்டவில்லை. கயிற்றில் உயிரே இல்லை. எழுபதில் அவள் கயிற்றைச் சுண்டிப் பார்த்தாள். எழுபத்தைந்தில் சம்மாட்டி, "பொறு, ஆட்டட்டும்" என்றார். அவள் பொறுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பக்கத்தில் நின்றவர்களும் பிடித்து அவனை வள்ளத்துக்குள் போட்டார்கள்.

வலைப்பை காலியாக இருந்தது. அவன் தண்ணீரைக் கக்கிவிட்டுக் கோபமாகப் பார்த்தான்.

"நான் ஆட்டவே இல்லியே அக்கா."

"என்னலே செஞ்சுக்கிட்டிருந்தே கீழ?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா?"

"சும்மா உக்காந்திருந்தேன்," என்று சொல்லி அழுதான். "என்னோடது ஆகல. மச்சானோடதும் ஆகாதாம் அக்கா. நான் மேல வந்து என்ன செய்ய?"

பிலோமினா ஈரத் தலையில் ஓங்கி ஒன்று வைத்தாள். வள்ளத்தில் இருந்த பத்துப் பேரும் பார்க்கத்தான் வைத்தாள்.

"ஆகாதுன்னு எவன் எழுதியிருக்கான்? முரண்டு பிடிக்குதுன்னுதானே எழுதியிருக்கு? பிடிக்கட்டும். அவ அங்கன கட்டில்ல கெடந்து தன் ரத்தத்தோடயே மல்லுக்கட்டுதா, எம் புருஷன் வயித்துல தையலோட பக்கத்துல கெடக்கான், நீ இங்கன மணல்ல உக்காந்து ஓய்வெடுக்கியா? ஒட்டட்டும், ஒட்டாமப் போகட்டும், அது அவ பாடு, டாக்டரு பாடு. இந்த நுனி என் பாடு. இதுல எவனும் சாகப்படாது."

சம்மாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இன்னைக்குக் கரைக்குத் திரும்பிரலாம்ளா..."

"திரும்ப வேண்டாம். அவன் எறங்குவான்."

மனுவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டு வலைப்பையைச் சரிசெய்தான். கல்லைத் தொங்கவிட்டார்கள். அவன் வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கல்லில் கால் வைத்தான். பிலோமினா கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"நீ ஆட்டுனாலும் ஆட்டாட்டியும் எழுவது எண்ணுவேன்," என்றாள். "எழுவத்தொண்ணுல நீ மேல இருப்பே. போ."